இதர

ரிலே வாயைத் திறக்க
நாற்பது ஆம்பியர் வேண்டும்.
அதற்குக் குறைவாக எது மண்ணுக்குள் போனாலும்
பச்சை விளக்குத்தான்.

எனக்கு இரண்டாம் ஷிப்ட்.
கருக்கம்பாளையம் ஃபீடரின் சின்னத் திரையில்
தரைக்குப் போகிற கணக்கு
மூன்று என்றது, ஐந்து என்றது, மறுபடி மூன்று.
பீங்கான் நனைந்தால் இப்படிக் கொஞ்சம் கசியும்,
ஈர வேப்பங்கிளை உரசினாலும்.
ஆனால் மூலனூர்ப் பக்கம்
மழை பெய்து நூற்றிப்பத்து நாள்.

புகார் ஏதாவது வந்ததா, ஏ.இ. கேட்டார்.
நோட்டைப் புரட்டினேன்.
தேங்காய்க் களத்தில் ஃபியூஸ்,
மண்டபத்துக்குத் தற்காலிக இணைப்பு,
யாரோ ஒருவரின் மோட்டார் காயில்.
இல்லைங் சார் என்றேன்.

கம்பி அறுந்தால் ஊரே கூப்பிடும்.
மூன்றில் ஒன்று போனாலே
கிணற்று மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும்,
வெள்ளக்கோவில் வரை தறிக்காரர்கள் என் பேரைச் சொல்லி வைவார்கள்.
இதுவோ
யார் வீட்டிலும் எதையும் நிறுத்தாத பழுது.

லைன்மேன் குப்புராஜ் மொபெட்டை எடுத்தார்.
முன்கூடையில் பழைய டிரான்சிஸ்டர்,
எந்த ஸ்டேஷனும் பேசாத இடத்தில் முள்.
எங்காவது பொறி துடித்தால்
அது கடலை வறுக்கும் என்பார்.
பத்தரை மணிக்கு, வறுக்குதுங் மேடம்,
ஆனா எந்தப் பக்கமுன்னு தெரியலீங்,
காத்து மாதிரி எல்லாப் பக்கமும் இருக்குது.

கோயில் கிளையின் சுவிட்சை இறக்கினார்:
திரையில் மூன்று.
ஏற்றிவிட்டு ரோட்டுக் கிளையை இறக்கினார்:
ஐந்து.
மீதி நூல்மில் கிளை.
மில் பூட்டி ஆறு வருசம்,
அங்கே விளக்குப் போட ஆளில்லை,
கம்பி மட்டும் உயிரோடு.
காலையில பாத்துக்கலாமுங்களா?

செரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான்
விரல் சும்மா முந்தின பக்கத்தைத் திருப்பியது.
திங்கள். என் கையெழுத்து.
*பாவாத்தாள், மில்லுக்குப் பின்னாடி கொறங்காடு.
ஆடு மேயவில்லை. வகை: இதர.*

ஞாபகம் வந்தது.
ஏனுங் மேடம், ஆடுக அக்கட்டால போகமாட்டீங்குது,
காலை வெச்சுட்டுக் காலை எடுத்துக்குது.
கால்நடை ஆசுபத்திரிக்குப் பேசுங்க என்று
நம்பர்கூடக் கொடுத்திருந்தேன்.

இறக்குங்க, என்றேன். மில் கிளையை. இப்பவே.

போனுக்குள் இரும்பு கிறீச்சிட்டது.
கடலைச் சத்தம் அறுந்தது.
திரையில் பூஜ்யம்.
பூஜ்யத்தைப் பார்த்து
எனக்கு முதல்முறையாகக் கை நடுங்கியது.

கிளுவை வேலிக்குள்
டார்ச் அடித்துப் பார்த்ததை அவர் சொன்னார்:
காடு முழுக்க வேர்மட்டும் கரும்பி வெச்சிருக்குதுங்.
ஒரு வட்டம் மட்டும்
கொழுக்கட்டைப் புல்லு முழங்கால் ஒசரம்.
நடுவுல கம்பி
பாம்பாட்டம் கெடக்குது.

காய்ந்த செம்மண் கரண்டை வாங்கமாட்டேன் என்றிருக்கிறது,
விடவும் மாட்டேன் என்றிருக்கிறது.
மூன்று நாளாய், சொட்டுச் சொட்டாக,
மணல் உருகி விரல் நீளத்துக்குக் கண்ணாடி ஆகியிருக்கிறது.
ஒரு துண்டு இப்போது என் மேசையில்,
நோட்டின் மேல் பாரமாக.

அறிக்கையில் ஒரு கட்டம்: *பழுதைக் கண்டறிந்தது.*
குப்புராஜ் என்று எழுதி
பேனாவை எடுக்காமல் கொஞ்சநேரம் இருந்தேன்.
ரிலே, ரோந்து, நுகர்வோர்,
இந்த மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்.
பாவாத்தாளுக்கு அந்தக் காட்டில் சர்வீஸ் நம்பர் கிடையாது.

ஷிப்ட் முடிந்து காலையில் கூப்பிட்டேன்.
இனிமேல் மேயுமுங்க, என்றேன்.
தெரியுமுங், விடியக்காலமே உள்ள பூந்துருச்சுக, என்றாள்.
அப்புறம், கோபமில்லாமல்,
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போல:

அன்னைக்கு எதுக்குங் மேடம்
என்ற பேரு, ஊரு எல்லாம்
கேட்டு எழுதினீங்க?